பக்கவாதம் போல வந்து தானாகப் போகிற தலைவலி: ஹேண்டில் சிண்ட்ரோம் என்றால் என்ன?

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிற 28 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால் அவருக்கு வரப்போகிற தொந்தரவு, மருத்துவ இதழ்களில் பதிவான நோயாளிகளுக்கு வந்ததைப் போலவே இருக்கும்.

காலையில் லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பேனா பிடித்திருக்கும் வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. மரப்பு மெல்ல முழங்கை, தோள், கன்னம் என்று ஏறுகிறது. எத்தனை பெட்டி என்று கேட்டால் மனதில் கணக்கு தெரிகிறது, வாயில் வேறு ஏதோ சொல் வருகிறது. கொஞ்ச நேரத்தில் மண்டை தெறிக்கிற வலி, குமட்டல். மத்தியானத்துக்குள் கையும் பேச்சும் பழையபடி ஆகிவிடுகின்றன. தலைவலி மட்டும் மறுநாள் காலை வரை இழுக்கிறது. ராத்தூக்கம் இல்லை, பித்தம் ஏறிவிட்டது என்று வீட்டில் முடிவாகிறது. சில நாள் கழித்து மறுபடியும் வருகிறது. இந்தத் தடவை இடது கை.

பக்கவாதம் என்று நினைத்தால் பக்கம் மாறி மாறி வருவது இடிக்கிறது. ஒற்றைத் தலைவலி என்று நினைத்தால், அவருக்கு வாழ்நாளில் அது வந்ததே இல்லை. அதோடு, ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் மரப்பும் கண்ணில் மின்னலும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இவருக்கு மணிக்கணக்கில் நின்றது. கண்ணில் மின்னல் எதுவும் இல்லை.

இப்படி வருகிற ஓர் அரிய நோய்க்குத்தான் ஹேண்டில் (HaNDL) சிண்ட்ரோம் என்று பெயர். தலைவலி, தற்காலிக நரம்புக் குறைபாடு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கிற நீரில் லிம்போசைட் என்கிற வெள்ளையணு கூடுதல், இந்த மூன்றின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 1995-இல் வைத்த பெயர் அது. நோய் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1981-இல் இப்படிப்பட்ட 7 பேரைப் பற்றி எழுதினார்கள். 1997-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 50 பேரைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் நோயின் முகம் தெளிவானது. அந்த 50 பேரும் 14 முதல் 39 வயதுக்குள் இருந்தவர்கள். சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் வந்து பக்கவாதத்தை எதிர்பார்க்கிற வயது இல்லை அது.

ஒருவருக்கு மொத்தமாக ஒன்று முதல் பன்னிரண்டு தடவை வரை இது வரலாம். ஒவ்வொரு தடவையும் உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போகலாம், ஒரு பக்கம் பலமிழக்கலாம், பேச்சு தடுமாறலாம். சிலருக்கு இவை எல்லாம் சேர்ந்தும் வரும். சிலருக்குக் காய்ச்சல் இருக்கும். இரண்டு தடவைக்கு நடுவில் ஆள் முழு ஆரோக்கியமாக இருப்பார், மண்டிக்குப் போவார். மூன்று மாதத்துக்குள் எல்லாம் தானாக நின்றுவிடும்.

தானாக நின்றுவிடும் என்பது நல்ல செய்திதான். ஆனால் இந்த நோயில் ஆபத்தான வார்த்தையும் அதுதான். தானாகச் சரியாகிற நோய்க்கு எல்லா வைத்தியமும் பலிக்கும். கயிறு மந்திரித்துக் கட்டினாலும் பலிக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினாலும் பலிக்கும், ஒன்றுமே செய்யாமல் படுத்தாலும் பலிக்கும். அப்புறம் ஊரில் இன்னொருவருக்குக் கை விழுந்தால், "நம்ம பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கயிறு கட்டினதும் சரியாயிடுச்சு" என்று அனுபவசாலிகள் வழி சொல்வார்கள். அந்த இன்னொருவருக்கு வந்தது நிஜமான பக்கவாதமாக இருந்தால் என்ன ஆகும்?

மூளை ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்தோ, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்திலிருந்தோ வருகிறவருக்கு அந்த நேரத்தில் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். அதனால் கை விழுந்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் முதலில் 108. வயது இருபதா எழுபதா என்று பார்க்க வேண்டியதில்லை. "போன தடவை தானா சரியாச்சே" என்ற யோசனையும் வேண்டாம். ஹேண்டில் என்பது மற்ற எல்லாவற்றையும் சோதித்து, அவை இல்லை என்று தெரிந்த பிறகு வைக்கிற பெயர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாமாக வைத்துக்கொள்கிற பெயர் இல்லை.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதல் தடவை போகும்போது, பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். அது சரியான முறைதான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சிடி ஸ்கேன் எடுத்து ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எம்ஆர்ஐ. ஹேண்டில் நோயாளிக்கு இவை பெரும்பாலும் நார்மல் என்றே வரும். கை அசையவில்லை, ஆனால் ஸ்கேனில் மூளைத் திசு எங்கும் செத்திருக்கவில்லை. வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில், ஸ்கேன்லயே ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்று கிளம்பிவிடுவது உண்டு. விடை இன்னும் கிடைக்கவில்லை. அது மண்டைக்குள் எடுக்கிற படத்தில் இல்லை, முதுகில் எடுக்கிற நீரில் இருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் வார்டில் அழுகை கிளம்பும். இடுப்பு விழுந்துவிடும், ஆண்மை போய்விடும், ஜென்மத்துக்கும் முதுகுவலி என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டு பிள்ளை பெற்ற அம்மாவே, மகனுக்கு ஏறக்குறைய அதே இடத்தில் ஊசி என்றதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்பார். அதனால் இந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சுக்கு இறக்கச் சொல்வார்கள். அப்படிச் சுருண்டால்தான் முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டு அளந்து, அந்த மட்டத்தில் இடம் குறிப்பார்கள். மருந்து தடவித் துடைத்து, தோலை மரக்கச் செய்ய ஒரு சின்ன ஊசி. பிறகு நீளமான மெல்லிய ஊசி உள்ளே போகும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போகிற இடம் அதற்குக் கீழே. அங்கே தனித்தனி நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன, குத்துவதற்குத் தண்டுவடம் இல்லை. கால் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு இதுதான் பதில்.

ஊசியின் பின்பக்க மூடியை எடுத்ததும் நீர் சொட்டுச் சொட்டாக வரும். நல்ல நிலையில் அது குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். முதலில் ஒரு செங்குத்தான குழாயைப் பொருத்தி நீரின் அழுத்தத்தை அளப்பார்கள். ஹேண்டில் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் அழுத்தம் கூடியிருக்கும். பிறகு மூன்று நான்கு சின்னக் குழாய்களில் மொத்தம் 10 மில்லி அளவுக்குப் பிடிப்பார்கள். நம் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருப்பது ஏறக்குறைய 150 மில்லி. உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. கணக்குப் போட்டால், எடுத்தது அரை மணி நேரத்தில் ஊறிவிடும்.

பக்க விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு இரண்டொரு நாள் வேறு விதமான தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் விட்டுவிடும். இதை நோயாளி தெரிந்துவைத்திருந்தால், பழைய வலிதான் திரும்பிவிட்டதோ என்று பதற மாட்டார். மூளையில் வீக்கமோ கட்டியோ இருந்தால் நீர் எடுப்பது ஆபத்து. அதனால்தான் முதலில் ஸ்கேன் பார்க்கிறார்கள்.

சரி, அந்த நீரில் என்ன தேடுகிறார்கள்? வெள்ளையணுக்களை. ஒரு மைக்ரோ லிட்டர் நீரில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஹேண்டில் என்று சொல்வதற்கு 15-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் அளவுகோல். 760 வரை போன நோயாளிகளும் உண்டு. அந்த அணுக்களில் பெரும்பாலானவை லிம்போசைட்டுகளாக இருக்கும். புரதம் பலருக்குக் கூடியிருக்கும். சர்க்கரை அளவு நார்மல்.

அந்தச் சர்க்கரை அளவு நம் ஊரில் ரொம்ப முக்கியம். தண்டுவட நீரில் லிம்போசைட் கூடினால், இந்தியாவில் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மூளைக் காசநோய்தான். காசநோயில் பொதுவாக நீரின் சர்க்கரை இறங்கும், புரதம் ஏறும். வாரக்கணக்கில் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை எல்லாம் சேர்ந்திருக்கும். விட்டு விட்டு வந்து, நடுவில் ஆள் தெளிவாக நடமாடுவது காசநோயின் குணம் இல்லை. ஆனாலும் ஆரம்ப நாட்களில் இரண்டும் ஏமாற்றலாம். அதனால் அதே நீரைக் காசநோய்க் கிருமிக்கான சோதனைக்கும் அனுப்புவார்கள். ஹெர்பிஸ் வைரஸ் மூளைக் காய்ச்சல், எச்ஐவி, சிபிலிஸ், மூளையில் நாடாப்புழுக் கட்டி இவற்றுக்கும் தேடுவார்கள். ஹெர்பிஸ் சோதனையின் முடிவு வரும் வரை அசைக்ளோவிர் மருந்தை ஏற்றி வைப்பதும் உண்டு. எத்தனை சோதனை, எத்தனை செலவு என்று சலித்துக்கொள்ளத் தோன்றும். ஒவ்வொரு சோதனையும், விட்டுவைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய ஒரு நோய் இல்லை என்று உறுதி செய்கிறது.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. அப்படி ஒருவர் டாக்டர் கேட்கிற தமிழ்க் கேள்விக்குத் திணறினால், அது பழக்கமில்லாத மொழி என்பதாலா, மூளையின் பேச்சுப் பகுதி மங்கியதாலா என்று புரியாமல் போகலாம். கூட வந்தவர் வீட்டு மொழியிலேயே இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்து, "எங்ககிட்டயும் சரியா பேசல, வார்த்தை மாறி வருது" என்று டாக்டரிடம் சொன்னால் அது பெரிய உதவி. எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொடுங்கள். பேச்சு தடுமாறுவதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் டாக்டர் பார்க்க வரும்போது எல்லாம் சரியாகிப் போயிருக்கலாம்.

வைரஸா, வேறா?

காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் இதுவரை வரவில்லை. வைரஸ் மேல் சந்தேகம் விழுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தலைவலி தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்து போயிருக்கிறது. லிம்போசைட் என்பது வைரஸை எதிர்க்கக் கூடுகிற அணு. ஒரே வீச்சில் சில வாரம் ஆட்டிவைத்துவிட்டு, முழுக்க அடங்கிவிடுவதும் வைரஸ் தொற்றின் போக்கு மாதிரியே இருக்கிறது. சில நோயாளிகளிடம் மனித ஹெர்பிஸ் வைரஸ் 6, அதே குடும்பத்து 7, சைட்டோமெகலோ வைரஸ், எக்கோ வைரஸ் 30 ஆகியவற்றின் தடயம் கிடைத்ததாகத் தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன.

ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் நீரில் எவ்வளவு தேடினாலும் எந்த வைரஸும் அகப்படுவதில்லை. பிடிபட்டவையும் ஒரே வைரஸ் இல்லை, ஆளுக்கொன்று. அதனால் பல ஆய்வாளர்கள் சாய்கிற கருத்து வேறு. ஏதோ ஒரு வைரஸ் வந்து போகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் மாறி மூளை உறைகளில் இருக்கிற ரத்தக் குழாய்களையோ நரம்பணுக்களையோ தாக்குகிறது. 2013-இல் துருக்கி ஆய்வாளர்கள், இந்த நோயாளிகள் சிலரின் ரத்தத்தில், நரம்பணுக்களுக்குள் கால்சியம் நுழைகிற வழி ஒன்றைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டார்கள். பார்த்த ஆட்கள் மிகக் குறைவு என்பதால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் எதிர்ப்பு மண்டலம் ஆள் மாறித் தாக்குகிறது என்கிற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வைரஸ் நேரடியாக மூளையைத் தின்றால் ஆள் இவ்வளவு சுத்தமாகத் தேறி எழுவது கடினம்.

இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. காரணம் எதுவாக இருந்தாலும், கை ஏன் மரக்கிறது, ஏன் அது விரலில் தொடங்கி மெதுவாக ஏறுகிறது? இதற்கான விளக்கத்துக்கு அடிப்படை போட்டவர் பிரேசில் ஆய்வாளர் அரிஸ்டிடீஸ் லியாவோ. மூளையின் மேற்பரப்பில் நரம்பணுக்களின் செயல்பாடு அடங்கிப்போகிற ஓர் அலை, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதை அவர் 1944-இல் எழுதினார். ஒற்றைத் தலைவலியின் முன்னோடி அறிகுறிகளுக்கு இதுவே காரணம் என்று இன்று கருதப்படுகிறது. ஹேண்டிலிலும் இதுதான் நடக்கிறது என்பது பரவலான ஊகம். ஊரில் கரண்ட் தெருத்தெருவாகப் போவது மாதிரிதான் இது. வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆகவில்லை, கரண்ட் வந்ததும் எரியும். பக்கவாதத்தில் பல்பே போய்விடுகிறது. கை, முகம், பேச்சு ஆகியவற்றுக்கான பகுதிகள் மூளையின் மேற்பரப்பில் அடுத்தடுத்து இருப்பதால், அலை நகர நகர மரப்பும் நகர்கிறது.

இந்த ஊகத்துக்குச் சோதனைகளிலும் ஆதரவு இருக்கிறது. தொந்தரவு இருக்கும்போது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் எடுத்தால், மூளையின் அந்தப் பகுதியில் ஓட்டம் குறைந்திருக்கும். அந்தக் குறைவு ஒரு குறிப்பிட்ட ரத்தக் குழாயின் எல்லைக்குள் அடங்காமல் பரவிக் கிடக்கும். அடைப்பு என்றால் அந்தக் குழாயின் எல்லையோடு நின்றிருக்கும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி-யிலும் பலருக்கு அந்தப் பக்கம் அலைகள் மந்தமாகத் தெரியும்.

குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பரம்பரையாக வரும் ஒருவகைப் பக்கவாத ஒற்றைத் தலைவலி தனியாக இருக்கிறது. அதற்குக் காரணமான கால்சியம் வழி மரபணுவின் பிழையை ஹேண்டில் நோயாளிகளிடம் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை.

பெயர் தெரிந்த பிறகு

நோயை நிறுத்துகிற மருந்து எதுவும் கிடையாது, தேவையும் பெரும்பாலும் இல்லை. தலைவலிக்கு மாத்திரை, வாந்திக்கு மருந்து, ஓய்வு. நீரின் அழுத்தம் ரொம்பக் கூடியிருந்தால், கண் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்த்து அதைக் குறைக்க மருந்து தருவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: தொடை வழியாகவோ கை வழியாகவோ குழாய் செலுத்தி மூளை ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கிற ஆஞ்சியோகிராம், இந்த நோயாளிகளுக்குத் தொந்தரவைத் தூண்டிவிட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. ஹேண்டில் என்று தெரிந்தவருக்கு வேறு காரணத்துக்காக அதை எடுக்க நேர்ந்தால், பழைய நோயை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான், நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு சேலம் கிட்டம். எங்கே போனாலும் தண்டுவட நீரின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். புது இடத்தில் ரிப்போர்ட் இல்லையென்றால் திரும்பவும் முதுகில் ஊசிதான். ஸ்கேன் சிடியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, இந்தக் காகிதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களே அதிகம்.

தொந்தரவு வந்து போகிற அந்த வாரங்களில் டூவீலர், டிராக்டர், லாரி எதையும் ஓட்டக் கூடாது. கிணற்று மேடு, மாமர உச்சி, மாங்கூழ் ஆலையின் மெஷின் பக்கமும் வேண்டாம். கை எந்த நிமிடம் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. ஹேண்டில் என்று டாக்டர் சொல்லிவிட்டாலும், அறிகுறி புதிதாக மாறினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால், காய்ச்சல் இறங்காமல் நின்றால், மறுபடியும் மருத்துவமனைதான். மூன்று மாதம் தாண்டியும் விடாமல் வந்துகொண்டிருந்தால், ஹேண்டில் என்ற பெயரையே மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். நீரை மறுபடி எடுத்து, காசநோயிலிருந்து ரத்தக் குழாய் அழற்சி வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து தேடத் தொடங்குவார்கள்.